வெள்ளை வயிற்றுப் போர்விமானம்

எதிரணியில் யார் அமர்ந்தாலும் எனக்கு அச்சம் இருந்ததில்லை. தலைப்பைக் கையில் கொடுத்துச் சற்றே அவகாசமும் கொடுத்தால் ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன் என்பது விருத்தாசலத்தில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை வாய் திறக்கக் கூடாது என்று மூலையில் உட்காரவைத்துவிட்டு, என் அக்கா தன் வாழ்க்கையின் மிக முக்கியமான வழக்கை ஒரு பிளாஸ்டிக் விமானத்தை வைத்து நடத்தினாள். வழக்கில் அவள் வென்றாள். வென்ற விதம் மட்டும் எந்த மேடையிலும் செல்லுபடியாகாத விதம் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அக்கா பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவள். எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய யூனிட்டில் அவளுக்கு வேலை. கொலுவுக்குப் போகும் கிருஷ்ணனும் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போகும் இயேசு பாலனும் அவளிடம்தான் கண் திறப்பார்கள். அப்பா அதே பேட்டையில் வேறொரு யூனிட்டில் சூளை அடுக்குபவர். அம்மா திருமணத்துக்கு முன் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சீவியவர். ஆக, எங்கள் வீட்டில் மண்ணைத் தொடாமல் வாயை மட்டும் வைத்துப் பிழைக்க எண்ணியவள் நான் ஒருத்திதான். இது அக்கா என்னைப் பற்றி விருந்தினரிடம் சொல்லும் அறிமுக உரை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில், கைப்பேசி எங்கள் தெருவுக்குள் நுழையத் தொடங்கியிருந்த சமயம், அக்காவுக்குப் பெண்ணாடத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாளர். வடக்கே ஏதோ ஒரு தளத்தில் போர்விமானங்களைப் பழுது பார்ப்பவர். அவருடைய அம்மா கரும்புக் கொல்லைகளைத் தனியாளாக நிர்வகிப்பவர். குரலிலேயே அது தெரியும். எல்லாப் பொருத்தமும் கூடிவந்த பிறகு அந்த அம்மா ஒரு நிபந்தனையை வைத்தார். கோயிலில் மூன்று ஞாயிறு பூசைகளில் திருமணத்தை அறிவிக்கும் ஓலையை வாசிக்கத் தொடங்கிவிட்டால் பெண் வேலைக்குப் போவது நன்றாக இருக்காது. திருமணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே வேண்டாம். மாப்பிள்ளைக்குக் குடும்பக் குவாட்டர்ஸ் கிடைக்கும் வரை மருமகள் பெண்ணாடத்து வீட்டில் இருக்கட்டும். குவாட்டர்ஸ் என்பது கேட்டதும் கிடைப்பதில்லை, ஆண்டுக்கணக்கில் ஆகலாம் என்று மாப்பிள்ளையே சொன்னார்.

அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. பெண்ணாடத்தையும் பிடித்திருந்தது. பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலத்துக்குப் பஸ் இருக்கிறது என்பது எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. காலையில் ஏறி வேலைக்கு வந்து மாலையில் திரும்பிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அதற்கு முன் மாப்பிள்ளையிடம் இலேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருந்தாள். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருவரையும் பேசவிட்டு, பெயருக்குக் காவலாக என்னையும் நிறுத்தியிருந்தார்கள்.

“பொம்மைக்குப் பெயிண்டு அடிக்கிறதுதானங்க, வூட்டுலயே பொழுதுபோக்கா செய்யலாமே” என்றார் மாப்பிள்ளை. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் கிடையாது.

“நீங்க பிளேனுக்கு ஸ்பேனர் போடுறீங்களே, அத வூட்டுல பொழுதுபோக்கா செய்யலாமா?” என்றாள் அக்கா.

நான் மனத்துக்குள் மேசையைத் தட்டினேன். மாப்பிள்ளை சற்று நேரம் முருங்கை மரத்தைப் பார்த்தார். பிறகு, செய்யலாம், செய்தும் இருக்கிறேன் என்றார். தான் பழுது பார்க்கும் அதே ரகப் போர்விமானத்தின் சிறிய மாதிரியைப் பெட்டியாக வாங்கி, உதிரிகளைக் கோந்து போட்டு ஒட்டியதாகவும், இதற்கு முன் ஒன்றுக்கு வண்ணம் அடித்து அது வழிந்து கெட்டுப்போனதால் இதைத் தொடப் பயந்து அப்படியே வைத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். விடுப்பு முடிந்து கிளம்பும் முன் அந்தப் பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

“இத அடிச்சி முடிச்சிக் காட்டுங்க. வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார்.

அவர் அதை விளையாட்டாகச் சொன்னார் என்பது என் கட்சி. அக்காவோ அதை இருநாட்டு உடன்படிக்கையாக எடுத்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் இருந்த விமானம் முழங்கை நீளம். சுட்டெடுத்து, கண்ணாடிபோல் மினுங்கும் கிளேஸ் பூச்சில் இன்னும் முக்காத பீங்கான் என்ன வெள்ளையோ அந்த வெள்ளை. வண்ண விளக்கத்தாளை மாப்பிள்ளை எங்கோ தொலைத்திருந்தார். வழிகாட்டியாக இருந்தது பெட்டி மூடியில் இருந்த ஒரே ஒரு படம்தான்: மேகங்களுக்கு மேலே பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகப் பறக்கும் விமானம், அதற்கும் மேலிருந்து பார்த்து வரைந்தது.

வேலையைத் தொடங்கியபோது அக்காவுக்கு வந்த முதல் உணர்ச்சி ஏளனம். இரண்டு பாதிகளை ஒட்டிய இடத்தில் முதுகு நெடுக ஒரு கோடு துருத்திக்கொண்டிருந்தது. அச்சில் வார்த்த பொம்மைக்கும் இதேபோல் இரு விலாவிலும் கோடு விழும். அதைச் சீவி ஈரப் பஞ்சால் நீவி இல்லாமல் ஆக்குவதுதான் அவர்கள் யூனிட்டில் புதியவர்களுக்குக் கொடுக்கும் வேலை. “இதுகூடத் தெரியாத ஆளா அங்க பிளேன் ரிப்பேர் பாக்குறாரு? நாட்டப் பத்திக் கவலையா இருக்குது” என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தாள். கோடு போன இடம் தெரியவில்லை.

அடுத்து வண்ணம். கடைவீதியில் சிறிய டப்பாக்களில் எனாமல் வாங்கினோம். இங்கேதான் எனக்கும் அவளுக்கும் முதல் வாதம். பீங்கான்காரர்களுக்குப் பளபளப்பே தரம். மினுங்காத பொருளை அவர்கள் வேகாத பொருள் என்பார்கள். போர்விமானம் மினுங்கக் கூடாது, மினுங்கினால் எதிரியின் கண்ணில் படும் என்று நான் எடுத்துரைத்தேன். பகைவர் வானிலும் இருப்பர், மண்ணிலும் இருப்பர் என்று தொடங்கி ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். அம்மா அடுப்படியிலிருந்து, கண்ணில் படாத பொருளுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒரே கேள்வியில் என் உரையைக் கவிழ்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தபோது நிஜ விமானம் மினுங்குமா என்று அக்கா பேச்சுவாக்கில் கேட்டாள். மங்கலாகத்தான் இருக்கும் என்றார். மறுநாளே யூனிட்டிலிருந்து மாவு போன்ற வெள்ளைக் களிமண்தூளைத் துணியில் சலித்துக் கொண்டுவந்து எனாமலில் ஒரு சிட்டிகை கலந்தாள். பளபளப்பு அடங்கி, வண்ணம் தோல்போல மங்கலாக உட்கார்ந்தது. நான் ஒரு மணி நேரம் பேசி நிறுவ முடியாததை அவர் நாலு வார்த்தையில் நிறுவிவிட்டாரே என்று கேட்டேன். அவர் விமானம் பார்த்தவர், நீ என்ன பார்த்திருக்கிறாய் என்றாள்.

பச்சைத் திட்டும் பழுப்புத் திட்டும் சேரும் ஓரங்களைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஒன்றுக்குள் ஒன்று கரையவிட்டாள். தண்ணீரில் ஊறவைத்தால் தாளிலிருந்து வழுக்கி வரும் வட்டச் சின்னங்களை, கோப்பையில் பூப்படம் ஒட்டிப் பழகிய கையால், ஒரு குமிழியும் இல்லாமல் இறக்கினாள். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை தூசு விழாதிருக்க விமானத்தின்மேல் அம்மாவின் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்தோம். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில் டர்பன்டைன் வாசனை இருந்ததாக அப்பா சொன்னார். அம்மா அதை மறுத்தார்.

அக்கா தவறிய இடம் என்று நான் அப்போதே சுட்டிக்காட்டியது விமானியைத்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரும் சிறிய உருவம் அது. தலையில் கவசம், மூக்கையும் வாயையும் மூடி முகமூடி. மிஞ்சியவை கண்கள் மட்டும். பழக்கதோஷத்தில் அக்கா அவருக்குப் பெரிய கண்ணாக வரைந்து, இமை இழுத்து, புருவம் வளைத்து, ஓர் ஒளிப்புள்ளியும் வைத்துவிட்டாள். குண்டு போடக் கிளம்பியவர் குழந்தை இயேசுவைப்போல எல்லோரையும் கனிவோடு நோக்கினார். இப்படிப் பார்த்தால் எதிரி சரணடைய மாட்டான், மண்டியிட்டு ஜெபம் செய்வான் என்றேன். அதுவும் வெற்றிதானே என்றாள் அக்கா. இந்த ஒரு மறுப்புரையை மட்டும் நான் பின்னாளில் ஒரு மேடையில் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன்.

விமானம் முடிந்த அன்று அப்பா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முதுகைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார். பிறகு முப்பது ஆண்டுப் பழக்கத்தின்படி கவிழ்த்து அடியைப் பார்த்தார். இறக்கையின் விளிம்போடு, விலாவின் ஓரத்தோடு, நூல் பிடித்ததுபோல வண்ணம் நின்றிருந்தது. அதற்குக் கீழே வயிறு முழுக்க வெள்ளை.

“அடி சுத்தமா இருக்குதும்மா. ஒரு சொட்டு எறங்கல” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதில் எந்தக் குறையும் தோன்றவில்லை. பீங்கானில் அடிப்பாகத்தைத் துடைத்து வெறுமையாக விடுவதுதான் விதி. அங்கே கிளேஸ் இருந்தால் சூட்டில் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பொருளும் போகும், தட்டும் போகும். அடி எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு நல்ல கை என்பார்கள். அம்மாவும் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்து வீட்டு அக்கா, அவளும் பேட்டையில் வேலை செய்பவள்தான், இவ்வளவு நேராக அடி துடைக்க எப்படி முடிந்தது என்று வியந்தாள். எதையும் ஐயுறுவதையே பயிற்சியாகக் கொண்ட நானும் அந்த வயிற்றை ஐயுறவில்லை. தட்டும் இல்லை, சூளையும் இல்லை, சுடுவதற்கு அங்கே எதுவுமே இல்லை என்பது எங்கள் ஒருவருக்கும் நினைவில்லை.

திருமணத்துக்கு மாப்பிள்ளை விடுப்பில் வந்தார். முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அவரும் அவருடைய அம்மாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அக்கா பஸ்ஸைப் பற்றிக் கேட்பது அன்றுதான் என்று முடிவாகியிருந்தது. நான் என் பங்குக்கு ஓர் உரையைத் தயாரித்திருந்தேன். உழைப்பின் மாண்பில் தொடங்கி, பெண்ணின் தன்மதிப்பில் உயர்ந்து, பெண்ணாடம் பஸ்ஸின் கால அட்டவணையில் முடியும் உரை. அக்கா அதன் முதல் பத்தியைக் கேட்டுவிட்டு, “நீ வாயத் தொறந்தா கல்யாணமே நின்னுடும்டி. பேசாம ஒக்காரு” என்றாள். உட்கார்ந்தேன்.

சாப்பாடு ஆனதும் அக்கா விமானத்தைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தாள். பெட்டி மூடியில் இருந்ததைவிட உயிராக இருந்தது என்று நான் நடுநிலையோடு சொல்கிறேன். மாப்பிள்ளை இரண்டு கைகளாலும் வாங்கினார். வாங்கியவர் முதுகைப் பார்க்கவில்லை, இறக்கையைப் பார்க்கவில்லை, சின்னங்களைப் பார்க்கவில்லை. நேரே தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கழுத்தை அண்ணாந்து, அடியிலிருந்து பார்த்தார்.

“கீழ ஒண்ணுமே அடிக்கலியே” என்றார்.

“அடியில அடிக்கக் கூடாதுங்களே. தட்டுல ஒட்டிக்கும்” என்றாள் அக்கா.

“எந்தத் தட்டுல?”

“சூளைத் தட்டுல மாப்ள” என்று அப்பா உதவிக்கு வந்தார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். சிரிப்பாரா அழுவாரா என்று அந்தக் கணத்தில் சொல்ல முடியவில்லை.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. விமானத்தை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே, அடிவயிற்றில் இருந்த சின்னச் சின்னக் கோடுகளை விரலால் தடவிக் காட்டினார். இது சக்கரம் மடங்கும் அறையின் கதவு, இதைத் திறந்துதான் உள்ளே கை விடுவோம் என்றார். “நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து பாத்தது இந்தப் பக்கத்தத்தாங்க. மல்லாக்கப் படுத்துக்கிட்டுத்தான் வேலை. மேல என்ன கலருன்னு எங்களுக்கு அவ்வளவா தெரியாது. கீழ வெளிர் நீலம். வானத்துக் கலரு.”

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் கையில் இருந்த ஒரே சான்று கவிழ்ந்து கிடந்தது. அவர் அன்றாடம் முகம் பார்க்கும் பக்கத்தையே பூசாமல் விட்டிருந்தாள். இனி எந்த வாயால் வேலையைப் பற்றிப் பேசுவது. எனக்கோ தொண்டை வரை சொற்கள் வந்து நின்றன. வெள்ளை அடியே எங்கள் ஊரின் மதிப்பு முத்திரை என்று எழுந்து முழங்கினால் சபையே எங்கள் பக்கம் திரும்பிவிடும் என்று உறுதியாக நம்பினேன். எழுவதற்குள் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மறுப்புரை கிடையாது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டி விமானத்தை வாங்கினார். மேலே பார்த்தார். விமானியின் கண்களை நெருங்கிப் பார்த்து, புள்ள யாரு, லட்சணமா இருக்கான் என்றார். திருப்பிக் கீழே பார்த்தார்.

“அப்ப வேலை இன்னும் முடியலியா?” என்று கேட்டார்.

ஆம் என்பது தோல்வி, இல்லை என்பது பொய் என்று நான் கணித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியவில்லை.

“முடியலிங்க அத்தை” என்றாள் அக்கா.

“பாதியில போட்டுட்டா கல்யாணம் பண்ணிக்கப் போற? கரும்பு வெட்ட எறங்குனா பாதிக் கொல்லைய நிறுத்திட்டு வருவோமா? நல்லால்ல அது. இன்னும் எவ்வளவு நாளு ஆவும்?”

“கவுத்து வச்சித்தான் அடிக்கணும் அத்தை. அதுக்கு மேல்பூச்சு நல்லா எறுகணும். நாளாவும். சாமானெல்லாம் யூனிட்டுலதான் இருக்குது.”

மேல்பூச்சு அந்நேரமே கல்லாக இறுகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். எனாமலோடு போராடித் தோற்றவரான மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு அவர் தன் அம்மாவிடம் திரும்பி, “ஆமாம்மா. பிளேன் வேலையில அவசரப்படக் கூடாது” என்றார்.

“அப்ப முடிக்கிற வரைக்கும் போயிட்டு வரட்டும்” என்று தீர்ப்பளித்துவிட்டு அந்த அம்மா வெற்றிலைத் தட்டைக் கேட்டார்.

என் உரை அப்படியே மடித்த தாளாக இருந்தது. உழைப்பின் மாண்பும் பெண்ணின் தன்மதிப்பும் தேவைப்படவே இல்லை. செய்யாமல் விட்ட வேலையையே வாதமாக முன்வைக்க எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை. அன்று மாலை இதை அக்காவிடம் ஒரு குறையாகவே சொன்னேன். “நீ பேசியிருந்தா ரெண்டு பேரும் கைதட்டிட்டு, வேலைக்குப் போவ வேணாம்னு சொல்லியிருப்பாங்க” என்றாள்.

மூன்று ஓலைகளும் வாசிக்கப்பட்டன. திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வடக்கே திரும்பினார். விமானம் பெண்ணாடத்து வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் ஏறியது. அக்கா காலைப் பஸ்ஸில் டிபன் பாக்ஸோடு விருத்தாசலத்துக்கு வந்து போனாள். அடிவயிற்றை எப்போது முடிக்கப்போகிறாய் என்று அத்தை கேட்கும்போதெல்லாம் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. மழைக்காலத்தில் ஈரக்காற்று, பெயிண்டு காயாது. கோடையில் அனல், பூச்சு வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே நல்ல நாள் வந்தால், கரும்பு அரவைப் பருவம் தொடங்கி ஆலைப் புகைக்கூண்டிலிருந்து கரித்தூள் பறக்கும். நீல வண்ணத்தில் கரி விழுந்தால் என்னாவது. போகும்போதெல்லாம் இந்தக் காரணங்களை நான் கேட்டேன். ஒன்றோடொன்று முரண்படாமல் ஆண்டு முழுவதையும் அவை அடைத்திருந்தன. பேச்சுக்கலையில் அக்கா என்னை மிஞ்சிவிடுவாளோ என்ற ஐயம் எனக்கு முதன்முதலில் அங்கேதான் எழுந்தது. பிறகு அதை அடக்கிக்கொண்டேன்.

ஒருநாள் குவாட்டர்ஸ் ஒதுக்கிவிட்டார்கள் என்று வடக்கிலிருந்து தகவல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பெண்ணாடத்தில் இருந்தேன். பூசைக்குப் போய்விட்டு வந்ததும் அக்கா மேசைமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, விமானத்தை அதில் மல்லாக்கக் கிடத்தினாள். பையிலிருந்து வெளிர் நீல டப்பாவை எடுத்தாள். அது எப்போதிலிருந்து அந்தப் பையில் இருந்ததோ தெரியவில்லை. களிமண்தூளைக் கலந்தாள். மாப்பிள்ளை விரலால் காட்டிய கதவுக் கோடுகள் அடைபடாமல், தூரிகையை ஒரே சீராக இழுத்துக்கொண்டே போனாள். அத்தை உலை வைத்த சோறு வெந்து இறங்குவதற்குள் வானம் முழுவதும் பூசி முடிந்திருந்தது.

அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.

“இவ்வளவுதானா இது?” என்றார்.

“இவ்வளவுதான் அத்தை.”

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இது எவ்வளவு நேர வேலைன்னு கலியாணத்தன்னிக்கே எம் பயகிட்ட கேட்டுட்டேன். எம் மருமவ வேலைக்குப் போறான்னு நானுந்தான் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதனால கண்டுக்கல.” விமானத்தின்மேல் உட்காரப் பார்த்த ஓர் ஈயை முந்தானையால் விரட்டினார். “சரி, அங்க போயி என்னத்தப் பாதியில நிறுத்தி வக்கப் போற?”

அக்கா தூரிகையை டர்பன்டைனில் அலசினாள்.

“இன்னொரு பெட்டி வாங்கி வச்சிருக்காராம் அத்தை” என்றாள்.